கடலுக்கு முன் கிணறு: கடலூர்க் கரையில் சூரியக் குடிநீர்

காட்டுமன்னார்கோயில் அருகே வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாய் வழியே சென்னைக்குத் தண்ணீர் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் கொள்ளளவு. அதே ஏரிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஊர்களில் உவர்த்துப்போன கிணறுகள் பல. வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கிறார்கள். கரையோர மணல் அடுக்குகளில் கடல்நீர் நுழையும் என்பது நிலநீர் ஆய்வாளர்களின் நெடுநாள் கவலை. கண்ணெதிரே கடல், தலைக்கு மேல் வெயில். இரண்டையும் சேர்த்தால் குடிநீர் கிடைக்காதா என்று கடலூர்க்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. வெயிலைப் பயன்படுத்தலாம், ஆனால் கடலில் தொடங்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெயிலால் நேரடியாக நீரை வடிக்கும் முறை பழையது. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872இல் சார்லஸ் வில்சன் அமைத்த சூரிய வாலை, சுமார் 4,700 சதுர மீட்டர் கண்ணாடிக் கூரையின்கீழ் நாளுக்கு 22,000 லிட்டருக்கு மேல் தந்தது. வெடியுப்புச் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளின் தாகம் அதில்தான் தீர்ந்தது. இந்தியாவில் பாவ்நகரின் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1978இல் மின்சாரம் எட்டாத அவானியா கிராமத்தில் நாளுக்கு 5,000 லிட்டர் தரும் வாலைகளை நிறுவியது. இந்த முறை ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை?

கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். தமிழகக் கரையில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால்கூட 8 லிட்டருக்கு மேல் தேறாது. நடைமுறையில் 3 லிட்டர் கிடைத்தாலே நல்ல வாலை. அதே சதுர மீட்டரில் சோலார் தகடு வைத்தால் நாளுக்கு 0.8 யூனிட் மின்சாரம் வரும். சவ்வின் வழியே நீரைத் தள்ளி உப்பை நீக்கும் பெரிய ஆர்.ஓ. நிலையங்கள் ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் செலவழிக்கின்றன. அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்கு 200 லிட்டர். சிறு நிலையத்தில் செலவு இரு மடங்கானாலும் 100 லிட்டர் உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீருக்கும் ஆய்வுக்கூடத் தேவைக்கும் வாலை போதும். ஊர் குடிக்க அதை நம்ப முடியாது.

அடுத்தது, எந்த நீரைச் சுத்திகரிப்பது என்ற கேள்வி. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள 55 முதல் 65 பார் அழுத்தம் வேண்டும். 5 கிராம் உப்புள்ள கிணற்று நீருக்கு 10, 15 பார் போதும்; ஆயிரம் லிட்டருக்கு 2 யூனிட்டுக்குள் வேலை முடியும். ராஜஸ்தானின் சாம்பார் உப்பேரியை அடுத்த கோட்ரி கிராமத்தில் 2006இல் இதே வழியைத்தான் தேர்ந்தார்கள். நிலத்தடி உவர்நீர், சோலார் மின்சாரம், ஆர்.ஓ.; நடத்தியவர்கள் ஊர்க்காரர்கள். நம் பக்கம் ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில், சென்னை ஐ.ஐ.டி. சூரிய வெப்பத்தையும் முன்னோக்குச் சவ்வூடு பரவலையும் இணைத்துக் கடல்நீரையே குடிநீராக்கிக் காட்டியிருக்கிறது. ஆராய்ச்சி என்ற அளவில் அது பாராட்டுக்குரியது. பேரூராட்சி ஒன்று நாளைக்கே வாங்கிப் பொருத்தக்கூடிய சரக்கு அதுவல்ல.

கிணற்றைத் தேர்வதற்கு இன்னொரு காரணம் பிச்சாவரம் அலையாத்திக் காடு. கடல்நீரில் 40 விழுக்காட்டைக் குடிநீராக எடுத்தால் மிஞ்சும் கழிவில் லிட்டருக்கு 58 கிராம் உப்பு இருக்கும். அந்தக் காட்டின் அமைதியான கழிமுகத்தில் அதைக் கொட்டினால் மீன்குஞ்சும் இறாலும் தாங்குமா என்று பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையம் பல ஆண்டு ஆராய வேண்டியிருக்கும். 5 கிராம் கிணற்று நீரில் பாதியை எடுத்தால் கழிவில் 10 கிராம்; கடலைவிட உப்பு குறைவு. வயலிலும் வாய்க்காலிலும் விடக் கூடாது என்பது மட்டும் கட்டாயம். உவர்க் கிணறானாலும் அளவின்றி இறைத்தால் கடல் இன்னும் உள்ளே வரும். ஆகவே இது குடிக்கவும் சமைக்கவும் மட்டுமான நீர்.

இரவில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு விடை ஊரிலேயே இருக்கிறது: மேல்நிலைத் தொட்டி. பகலில் சுத்திகரித்துத் தொட்டியை நிரப்பினால் பேட்டரிச் செலவு மிச்சம். தட்டுப்பாடு முற்றும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெயிலும் உச்சத்தில் இருக்கும். உண்மையான இடர், ஆள் இல்லாமை. சவ்வைக் கழுவி மாற்றவும் மோட்டாரைக் கவனிக்கவும் மாதச் சம்பளத்தில் ஒருவர் இல்லாத நிலையம் சீக்கிரமே பூட்டிக் கிடக்கும். திறப்பு விழாவுக்கு நிதி கிடைப்பதுபோல் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, குடிநீர் மோட்டார்கள் நின்றன. மின்கம்பியை நம்பாத சோலார் நிலையத்துக்கு ஏற்ற இடமாகக் கரையோரப் புயல் பாதுகாப்பு மையங்களின் கூரைகள் இதனால்தான் கவனத்துக்கு வருகின்றன. 100 சதுர மீட்டர் தகட்டில் நாளுக்கு 80 யூனிட். உவர்க் கிணறானால் 40,000 லிட்டர். தலைக்கு 10 லிட்டர் என்றால் 4,000 பேருக்கு. டிசம்பர் மேகத்தில் இது கால்பங்காகச் சுருங்கினாலும் தங்க வருவோருக்குப் போதும். தகடுகளைப் புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வைக்கும்படி பொருத்த வேண்டும். கிணற்று மேடையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். இரண்டையும் மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால் பிறகு யாரும் சேர்க்கப் போவதில்லை.