கைமாறும் கார்: இந்தியாவில் பழைய கார் வாங்கியதன் வரலாறு

ஒருவர் பெயரில் பதிவாகி, அவரால் ஓட்டப்பட்டு, பின்பு மற்றொருவருக்கு விற்கப்படும் காரே பழைய கார். தமிழ்நாட்டில் 'செகண்ட் ஹாண்ட் கார்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். மகிழுந்து என்ற சொல் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் ஓர் ஆட்டோ கன்சல்டிங் வாசலில் நின்று 'மகிழுந்து இருக்கிறதா' என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே இக்கட்டுரையில் கார் என்றே எழுதுகிறேன். குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பத்தின் முதல் கார் பழைய காராக இருப்பது இன்று இயல்பு. ஆனால் பழைய கார் மலிவானது என்பதே நம் நாட்டில் சற்றுப் புதிய செய்தி.

பழையதும் மலிவில்லாத காலம்

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1920-களிலேயே இந்தியாவில் கார்களைப் பொருத்தி விற்றன. விடுதலைக்குப் பின், உதிரிப் பாகங்களையும் இங்கேயே செய்பவர்களுக்குத்தான் இடம் என்று 1953-இல் அரசு கொள்கை வகுத்தது. வெறுமனே பொருத்தி விற்றவர்கள் கடையைக் கட்டினார்கள். எஞ்சியவை மிகச் சில நிறுவனங்களே. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைச் செய்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் காரைச் செய்தது; பிற்காலத்தில் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. சென்னையை அடுத்த பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் நிறுவனம் ஹெரால்டு காரைச் செய்தது.

எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. விலையையும் விநியோகத்தையும் அரசு கட்டுப்படுத்தியது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் என்ன செய்வார்? ஏற்கெனவே கார் வைத்திருப்பவரிடம் போவார். அரசு குறித்த விலைக்குப் புதிய ஃபியட் வாங்கியவர், அதை உடனே விற்றாலும் கையில் லாபம் நின்ற காலம் அது. கார் வாங்கும் செல்வம் உடையவர்களுக்கே இப்படி என்றால், சம்பளக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தூதரகங்கள் பயன்படுத்திய இறக்குமதிக் கார்களை அரசு வணிகக் கழகம் வாங்கி விற்றது. அவை பணமுள்ளவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன.

அக்காலப் பழைய கார் வாங்கியவருக்கு ஒரு வசதி இருந்தது. இரண்டு மூன்று மாதிரிகளே தெருவில் ஓடியதால், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அவற்றின் உள்ளும் புறமும் தெரியும். உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் சென்னைக்காரர் புதுப்பேட்டைக்குப் போவார். ஓய்ந்துபோன வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அந்தத் தெருக்கள் இல்லாவிட்டால், பல அம்பாசிடர்கள் அத்தனை ஆண்டு ஓடியிருக்க முடியாது.

மாருதிக்குப் பின்

1983-இல் மாருதி 800-க்கு முன்பதிவு தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. நடுத்தரக் குடும்பங்களின் கார் என்று இது பேசப்பட்டாலும், அன்றைய பள்ளி ஆசிரியருக்கு அது எட்டாத தொகைதான். எட்டியது பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கார் மூன்றாவது கை மாறி வந்தபோது.

1991-க்குப் பின் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்து புதிய நிறுவனங்கள் வந்தன. திருப்பெரும்புதூரை அடுத்த ஆலையிலிருந்து 1998-இல் ஹூண்டாயின் சாண்ட்ரோ வெளிவந்தது. வங்கிகள் கார்க் கடனை வாரி வழங்கின. புதிய கார் வாங்குகிறவர் ஐந்தாறு ஆண்டுகளில் அதை விற்று வேறொன்று வாங்கும் பழக்கம் பரவியது. பழைய காரின் விலை புதியதைவிட வெகுவாகக் குறைந்தது இக்காலத்தில்தான். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று 2008-இல் அறிவிக்கப்பட்ட டாட்டா நானோ கடைசியில் எடுபடாமல் போனதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அதே தொகைக்கு ஒரு பழைய மாருதியோ சாண்ட்ரோவோ கிடைத்ததும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

விற்பவருக்குத் தெரிந்தது, வாங்குபவருக்குத் தெரியாதது

பழைய கார் வாங்குவதைப் பற்றி உலகப் புகழ்பெற்ற பொருளியல் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் அதை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இக்கட்டுரையே அடிப்படை. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஏமாற்றும் மோசமான காரை எலுமிச்சை என்பார்கள். கட்டுரையின் தலைப்பும் எலுமிச்சைச் சந்தை பற்றியதுதான்.

அவர் சொன்னது இதுதான். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலைதான் தர முன்வருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். மோசமான கார்கள் மட்டும் சந்தையில் தங்கும். அதைக் கண்டு விலை இன்னும் இறங்கும். அக்கர்லாஃப் 1960-களின் இறுதியில் ஓராண்டு டெல்லியில் இருந்தவர். கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கி எடுக்கும் நம் ஊர் இல்லத்தரசியையும் அதே கட்டுரையில் சான்றாகக் காட்டுகிறார். கல் பொறுக்கிப் பழகிய நமக்கு இந்தக் கோட்பாடு எளிதில் விளங்கும்.

நம் சந்தை இதற்குத் தன் வழியில் மருந்து தேடிக்கொண்டது. 'டாக்டர் ஓட்டிய வண்டி', 'சிங்கிள் ஓனர்' என்னும் சொற்கள் விளம்பரத்தில் விலை ஏற்றுவது அதனால்தான். தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவதும் அந்த மருந்தே. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். முன்பு கம்பியைக் கழற்றி மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றினார்கள். இப்போது கணினியை இணைத்து எண்ணை மாற்றுகிறார்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்டும்போது பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ரப்பரைத்தான் நம்ப வேண்டும். சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது அதைவிட நல்லது.

பெயர் மாற்றம்

இந்தியாவில் பழைய கார் வாங்கியவர்கள் பட்ட பெருந்துன்பம் எஞ்சினால் வந்ததைவிட ஆர்.சி. புத்தகத்தால் வந்ததே அதிகம் என்பேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் காரை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்கானவை.

நடைமுறை வேறாக இருந்தது. விற்பவர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதங்களோடு கார் நான்கைந்து கை மாறும். ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே நிற்கும். 2003-இல் நான் வாங்கிய மாருதியின் கதையும் இதுவே. புரோக்கர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தபோது கையெழுத்து ஒத்துவரவில்லை. விசாரித்தால், பதிவில் உள்ள உரிமையாளர் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. உரிமையாளர் இறந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவை. இரண்டு ஊர்களில் இருந்த அவருடைய பிள்ளைகளைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை கார் வீட்டு வாசலில் நின்றது.

விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பலமுறை கைமாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எப்போதோ காரை விற்று மறந்துபோனவர் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது.

காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். தன் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் படிவம் 35-உம் இல்லாமல் பணம் தரக்கூடாது. கடன் நிலுவையில் இருந்தால் காரை எடுத்துச் செல்ல நிறுவனத்தார் புதியவர் வீட்டு வாசலுக்கே வருவார்கள்.

வெள்ளக் காரும் டெல்லிக் காரும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சரிசெய்வது கட்டாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட கார்கள் ஏலத்துக்குப் போகும். அவற்றை வாங்கித் துடைத்து மெருகேற்றித் தொலைவான ஊர்களில் விற்பவர்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் சில சமயம் சேற்றின் கோடு தெரியும். கால் மிதியின் அடியில் துரு இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால் ஈர வாடையும் வரும்.

டெல்லிக் கார் வேறு வகை. தலைநகரில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கெடு நெருங்கிய கார்கள் அங்கே மலிந்து தெற்கே வரத் தொடங்கின. ஆனால் தமிழ்நாட்டில் பதிவு எண் வாங்க அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ரயிலேறியவர்கள், மிச்சம் பிடித்த தொகையில் பெரும்பகுதியை வரியாகக் கட்டினார்கள்.

அண்மைக் கால மாற்றங்கள்

2001-இல் மாருதி நிறுவனமே பழைய கார் விற்பனையில் இறங்கியது. 2015 வாக்கில் கைபேசிச் செயலி வழியாக வாங்கி விற்கும் நிறுவனங்கள் தோன்றின. இவற்றைவிட முக்கியமானது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் என்று நினைக்கிறேன். பழைய வண்டி விற்பவர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். காரைப் பெற்றுக்கொண்டதை இணையவழி தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து அந்தக் கார் விற்பனையாளரின் பொறுப்பாகிறது. வெற்றுப் படிவத்தோடு நாலு கை மாறும் வழக்கத்தைக் குறிவைத்த விதி இது. அங்கீகாரம் பெறாத கடைகள் இன்னும் எல்லா ஊரிலும் உள்ளன.

இத்தகைய வணிகர்கள் ஈட்டும் லாபத்தின் மீதான சரக்கு சேவை வரி 2025 ஜனவரி முதல் எல்லாக் கார்களுக்கும் 18 விழுக்காடு ஆயிற்று. தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களுக்கான வரி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கியாக வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய விலையையே இன்னும் சொல்லும் விற்பனையாளரிடம் இதை எடுத்துக்காட்டிப் பேரம் பேசலாம்.