படுக்கையறையில் வரும் பிரச்னை... இதயம் தரும் எச்சரிக்கையா?

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில், குன்றத்தூர், பல்லாவரம் பக்கத்துச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவா?' என்ற நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு போன் நம்பர், ஒரு லாட்ஜ் பெயர், 'ரகசியம் காக்கப்படும்' என்ற உத்தரவாதம் எல்லாம் அதில் இருக்கும். 'உங்க பி.பி எவ்வளவு, சுகர் எவ்வளவு?' என்ற கேள்வி மட்டும் இருக்காது. முதலில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்!

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கும்போது குழாய் விரிந்து ரத்தம் பாயும். சிகரெட், சர்க்கரைநோய், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் இந்த உள்சுவரைத்தான் கெடுக்கின்றன.

ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மி.மீ. இதயத்துக்கான குழாய் 3 முதல் 4 மி.மீ. படிவது ஒரே கொழுப்புதான் என்றாலும், சின்னக் குழாயில்தானே அடைப்பு முதலில் தெரியும்? அதனால்தான், நெஞ்சுவலி வருவதற்கு 2 முதல் 5 வருஷத்துக்கு முன்பே பலருக்கு விறைப்புப் பிரச்னை தலைகாட்டுகிறது.

வயசு குறைவா இருந்தா கவனம் அதிகம்

அமெரிக்காவில் 1,402 ஆண்களை 10 வருஷம் கண்காணித்து, 2009-ல் மாயோ கிளினிக் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 40-களில் இந்தப் பிரச்னை இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட இதயநோய் பல மடங்கு அதிகமாக வந்திருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை.

மனசா... உடம்பா?

எல்லா விறைப்புப் பிரச்னையும் இதயநோய் இல்லை. திடீரென ஆரம்பித்து, சில நேரம் மட்டும் வந்து, காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இயல்பாக இருந்தால், டென்ஷன், தூக்கமின்மை போன்றவை காரணமாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலை விறைப்பும் இல்லாமல் போனால், ரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். எப்படி இருந்தாலும், சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்க.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

பி.பி, சுகர், கொழுப்பு அளவு, இ.சி.ஜி. தேவைப்பட்டால் டாக்டர் ட்ரெட்மில் டெஸ்ட் எழுதுவார். பி.பி-யும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு 84 படிகள். வழக்கமாக ஏறுகிற ஆள், இப்போது பாதியில் நெஞ்சு இறுகி நின்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

மாத்திரையில் ஜாக்கிரதை

வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில், முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து. 1998-ல்தான் விறைப்புப் பிரச்னைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்ஸைடு பற்றிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்தான்!

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையுடன் இது சேர்ந்தால், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியும். அதனால், நண்பர் கொடுத்தார், ஆன்லைனில் கிடைத்தது என்று போடாதீங்க. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இந்த மாத்திரை போட்டிருந்தால் கூச்சப்படாமல் முதலில் அதைச் சொல்லிடுங்க.

அவசரம்னா?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, குப்பென்ற வியர்வை வந்தால் உடனே 108. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன.

சிகரெட்டை விடுவது, தினமும் 30 நிமிட நடை, தொப்பையைக் குறைப்பது... இதயத்துக்கு நல்லது எதுவோ, அதுதான் தாம்பத்தியத்துக்கும் நல்லது. கூச்சத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், அடைப்பு வளர நாமே கொடுக்கும் அவகாசம்.