வளவுச் சுவரில் ஒரு ஜடாயு



போன வாரம் காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டைத் திறந்து சுத்தம் செய்தோம். சிறுவயதில் நான் பார்த்துப் பயந்த படம் இன்னும் வளவுச் சுவரில் தொங்குகிறது. ரவிவர்மாவின் 'ஜடாயு வதம்' அச்சுப்படம். இராவணன் கையில் வாள்; ஜடாயுவின் சிறகு வெட்டுப்பட்டு விழுகிறது; சீதை பார்க்கப் பொறுக்காமல் முகத்தை மூடிக்கொள்கிறாள். "இராவணனப் பாக்காத, சீதையப் பாரு" என்பார் அப்பத்தா.

பல வருடம் கழித்து வகுப்பில் ஐரோப்பிய வரலாறு நடத்தியபோதுதான் அந்தச் சொல் புரிந்தது. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1838-இல் 'மெடியா' என்ற படத்தை வரைந்தார். கிரேக்கப் புராணத்தில், கணவன் கைவிட்ட ஆத்திரத்தில் பெற்ற பிள்ளைகளையே கொல்பவள் மெடியா. தெலக்ருவா கொலையை வரையவில்லை. பிள்ளைகளை இறுக்கிப் பிடித்து, கையில் கத்தியோடு அவள் திரும்பிப் பார்க்கும் கணத்தை வரைந்தார். கதையின் துயரம் முழுவதையும் ஒரு கணத்தில், ஒரு முகத்தில் காட்டுவது ரொமான்டிக் ஓவியர்களின் வழி. நம் இராமாயணத்துக்கு அதே வழியில் உருவம் கொடுத்தவர் ரவிவர்மா.

1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பார்த்தே தைலவண்ண நுட்பத்தைப் பழகினார். அரண்மனைகளோடு நின்றிருக்க வேண்டிய படங்களை வீடுகளுக்குக் கொண்டுவர 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் போனது. அப்படி வந்த படங்களைத்தான் நம் செட்டிநாட்டு வீடுகளில் தேக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கோயிலுக்குள் அனுமதி இல்லாத மக்களின் வீடுகளுக்கும் சாமி படம் இந்த அச்சு வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது வீட்டை என்ன செய்வது என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருக்கிறோம். படத்தைப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா எனக்கு இராமாயணம் சொன்னது அந்தப் படத்தை வைத்துத்தான். முடிவு எல்லோரும் சேர்ந்து எடுப்பது. என் மனதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் இருந்தால், விற்கும் முன் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஒரு போட்டோ எடுத்து, அதை வைத்து யார் என்ன கதை சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள்.