மணலில் வழிநடை பாத்தியம் பிறந்த கதை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குச் சுமார் 580 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. அங்கே எத்தனை பெரிய விடுதியின் முன்னாலும் யாரும் துண்டை விரித்து உட்காரலாம், பிள்ளைகள் மணல்வீடு கட்டலாம். அநேகமாக முழுக் கரையிலும் இதுதான் நிலைமை. இந்த உரிமை பிறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1913-இல் அங்கே கடலோரச் சாலைகள் அரிது. மலைமுகடுகளும் அடர்காடும் வழியை மறிக்க, அலை வடிந்த நேரத்தில் இறுகிக் கிடக்கும் ஈர மணல்மீதே குதிரை வண்டிகளும் தபாலும் போய்வந்தன. அந்த ஈர மணலையும் அரசாங்கம் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் அதை நிறுத்த நினைத்தார். உயர் அலைக் கோட்டிலிருந்து தாழ் அலைக் கோடு வரை முழுக் கரையும் பொது நெடுஞ்சாலை என்று சில வரிகளில் ஒரு மசோதா கொண்டுவந்தார். வரிப்பணத்தில் சல்லிக்காசு செலவில்லாமல் மைல் கணக்கில் சாலை கிடைக்கிறது என்பது அவர் வாதம். சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே விற்றவை நீங்கலாக, ஈர மணல் மக்களுக்கு மிஞ்சியது.

ஆனால் மனிதர்கள் உட்காருவதும் சாப்பிடுவதும் காய்ந்த மணலில். உயர் அலைக் கோட்டுக்கு மேலே புல் முளைக்கும் இடம் வரையுள்ள அந்தப் பகுதி பல இடங்களில் தனியார் பத்திரத்துக்குள் கிடந்தது. எல்லோரும் புழங்கியதால் யாரும் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. 1966 கோடையில் கேனன் பீச் ஊரில் ஒரு விடுதி உரிமையாளர் காய்ந்த மணலில் மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, உள்ளே தம் விருந்தினருக்கு மட்டும் இடம் என்றார். அங்கே உட்கார்ந்த வெளியாட்களை எழுந்துபோகச் சொன்னார்கள். புகார் அரசாங்கத்துக்குப் போனது.

காய்ந்த மணலையும் பாதுகாக்க 1967-இல் ஒரு மசோதா வந்தது. சட்டமன்றக் குழுவிலேயே முடங்கியது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. மே 13 அன்று ஆளுநர் டாம் மெக்கால், விஞ்ஞானிகளையும் நில அளவையாளர்களையும் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் வந்து இறங்கினார். கடல்மட்டத்திலிருந்து 16 அடி உயரத்தில் பொதுக் கரைக்கு எல்லைக் கோடு போட்டால் அது எங்கே விழும் என்று, பத்திரிகையாளர்கள் பார்க்க, மணலிலேயே முளையடித்துக் காட்டச் சொன்னார். அதுவரை காகிதத்தில் இருந்த தகராறு மக்கள் கண்ணெதிரே வந்து நின்றது. ஜூலை 6 அன்று அவர் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலத்தின் பத்திரம் உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் புல் முளைக்கும் கோடு வரை மக்கள் புழங்குவதை அவர் தடுக்க முடியாது, அனுமதியில்லாமல் அங்கே எதையும் கட்டவும் முடியாது.

விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 1969-இல் 'தார்ன்டன் எதிர் ஹே' வழக்கில் ஓரிகன் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நெடுநாள் அனுபவத்தால் வரும் பாத்தியம் என்று பார்த்தால் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே வழக்காட வேண்டியிருக்கும். அதனால் நீதிபதிகள் பழைய ஆங்கிலச் சட்டத்தின் வழக்காற்றுக் கொள்கையைக் கையில் எடுத்தார்கள். பழக்கம் தொன்மையானதா, இடையில் அறுபடாததா, சண்டையில்லாமல் நடந்ததா, நியாயமானதா என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தொகுத்த அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். வெள்ளையர் வருமுன் பூர்வகுடிகள் அந்த மணலில் புழங்கியதையும் கணக்கில் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் கடற்கரை தேறியது.

மீன் சுட்டவர்களும் விறகு பொறுக்கியவர்களும் விளையாடிய பிள்ளைகளும்தான் அந்த வழக்கின் உண்மையான சாட்சிகள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வழக்காற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அது அறுபடக் கூடாது. கட்டைகள் விழுந்த முதல் கோடையிலேயே ஓரிகன் மக்கள் கேள்வி கேட்டார்கள். நமக்கென்ன என்று இன்னொரு தலைமுறை ஒதுங்கிப் போயிருந்தால், நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அவர்களிடம் பழக்கமே மிஞ்சியிருக்காது. பொது இடத்தில் வேலி முளைக்கும் நாளே அதைக் கேட்பதற்கு ஏற்ற நாள்.