பாட்டில் யாரோடு பேசுகிறது?

வியாசர்பாடியை ஒட்டி எம்.கே.பி. நகர். 'மகாகவி பாரதி நகர்' என்று முழுசாகச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார்! அங்கே ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் கேன் வந்தது. இருபது லிட்டர் கேனைத் தோளிலிருந்து 'தொம்'மென்று இறக்கிய பையன், வாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சீலைக் கிழிக்கப் போனான்.

"இரு தம்பி, கிழிச்சுடாதே!" என்று உள்ளேயிருந்து குரல். நண்பரின் அம்மா. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சீலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தேதி எங்கப்பா?"

"அதுலதாம்மா போட்டிருக்கும்... மசி அழிஞ்சிருக்கு. நேத்து வந்த லோடும்மா, நம்பி வாங்கு!"

பையன் மேல் தப்பில்லை. ஆனால் அம்மா கேட்டது லேசுப்பட்ட கேள்வியும் இல்லை. பாட்டில் பானம் என்று ஒன்று தெருவுக்கு வந்த நாளிலிருந்தே நிற்கிற கேள்வி. பாட்டில் மேலே எழுத்து இருந்தது. ஆனால் அது குடிக்கிறவரிடம் பேசவில்லை. வேறு யாரிடமோ பேசியது!

கோலி சோடாவிலிருந்து ஆரம்பிப்போம். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்ப்பகுதியில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைக் கவிழ்த்து சோடாவை நிரப்புவார்கள். உள்ளேயிருக்கிற கேஸ், கோலியை மேலே தள்ளி ரப்பரில் 'கப்'பென்று ஒட்ட வைத்துவிடும். மூடியே கிடையாது! கட்டை விரலால் அமுக்கினால் 'புஸ்ஸ்'... கோலி கழுத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பாட்டிலைச் செய்வது பெரிய வேலை. உள்ளே இருக்கிற சோடாவைவிட வெளியே இருக்கிற கண்ணாடிதான் விலை ஜாஸ்தி. அதனால் சோடா கம்பெனிக்காரர் சோடாவை விற்றார், பாட்டிலை விற்கவில்லை. காலிப் பாட்டில் அவருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அடுத்த தெரு போட்டிக்காரர் எடுத்துக்கொண்டு போய் தன் சோடாவை ஊற்றிவிட்டால்? (கோலிக்காகப் பாட்டிலை உடைக்கிற வாண்டுகள் தொல்லை தனி!) எனவே கண்ணாடியை வார்க்கும்போதே கம்பெனி பெயரையும் ஊர்ப் பெயரையும் புடைப்பு எழுத்தில் பதித்தார்கள். 'இது என் சொத்து, கையை எடு' என்று அர்த்தம். சோடாவை என்றைக்கு நிரப்பினார்கள்? அதை எழுத அந்தப் பாட்டிலில் இடமே இல்லை. கண்ணாடியில் பதித்தது பாட்டில் உடைகிறவரை மாறாது. உள்ளே இருப்பதோ தினம் மாறுகிறது.

1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் 'காளி மார்க்' ஆரம்பித்தார். அவர் காலத்து வாடிக்கையாளருக்கு இருந்த ஒரே உத்தரவாதம் சோடாக் கம்பெனி முதலாளியின் பெயரும் பழக்கமும்தான். 'நம்மாளு நல்லாப் போடுவாரு'... அவ்வளவே!

இதற்கிடையே அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892-ல் ஒரு சின்னத் தகர மூடிக்கு உரிமம் வாங்கியிருந்தார். ஓரம் மடிந்து கிரீடம் மாதிரி இருந்ததால் 'கிரவுன்'. முதலில் 24 பல், இப்போது 21. நமக்கு அதில் முக்கியமான விஷயம் வேறே. சோடா பாட்டிலில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற ஒரு பாகம் வந்தது! ஒவ்வொரு தடவையும் புதுசாக எதையாவது எழுத ஓர் இடம் கிடைத்தது.

எழுதினார்களா? கம்பெனி பெயரை எழுதினார்கள். கண்ணாடியில் இருந்ததும் அதே ரகம்தான். பழைய அமெரிக்க கோகோ கோலா பாட்டில்கள் சிலவற்றில் '1923 டிசம்பர் 25' என்று பொறித்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு நிரப்பிய பானம் என்று நினைக்காதீர்கள். அது பாட்டிலின் வடிவத்துக்கு உரிமம் வாங்கிய தேதி! வக்கீலுக்காக எழுதியது. அடிப்பாகத்தில் நிரப்பிய ஊரின் பெயரும் இருக்கும். 'யாருடையது ரொம்ப தூரத்து ஊர்?' என்று அமெரிக்கர்கள் பந்தயம் கட்டி விளையாடினார்கள்.

அப்போது தேதியே போடவில்லையா என்றால், போட்டார்கள். சங்கேதத்தில்! வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது மூன்று இலக்கம். 045 என்றால் ஜனவரியின் 31 போக மீதி 14... ஆக, பிப்ரவரி 14. இதைக் கம்பெனி ஆளும் கிடங்குக்காரரும் படித்துக்கொள்வார்கள். வாங்குகிறவருக்கு அது வெறும் கிறுக்கல். 1994-ல்தான் அமெரிக்காவில் டயட் பெப்ஸியில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி தேதி அச்சானது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற அஸ்பார்டேம், நாளாக ஆக, வெயில் பட்டால் இன்னும் சீக்கிரமாக, இனிப்பை இழந்துவிடும்.

நம் ஊரில் சட்டம் முந்திக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1977-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், 'யார் தயாரித்தது, எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம், என்ன விலை... எல்லாவற்றையும் எழுது' என்றன. (கோகோ கோலா மூட்டை கட்டியதும் அதே வருஷம். பதிலுக்கு அரசு நிறுவனம் கொண்டுவந்த கோலாவுக்கு '77' என்றே பெயர்!) 1990-ல் 'எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை' கட்டாயமானது. சரி, திருப்பித் தருகிற கண்ணாடிப் பாட்டிலில் விலையை எங்கே போடுவது? கிரவுன் மூடியில் போட்டுக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுத்தது.

இப்போது ராயபுரம் பக்கம் ஒரு பெட்டிக்கடையைக் கற்பனை செய்யுங்கள். நீங்கள் கலர் கேட்கிறீர்கள். கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, ஓப்பனரில் கொடுத்து 'டக்'. மூடி கீழே டப்பாவில் விழுகிறது. விலை, விவரம் எல்லாம் டப்பாவுக்குப் போய்விட்டது. உங்கள் கைக்கு வந்தது மொட்டைப் பாட்டில்!

பிளாஸ்டிக் வந்த பிறகு எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலும் பாதி நமக்கானதில்லை. அடியில் முக்கோணத்துக்குள் '1' இருக்கிறதே, அதை 'ஒரு தடவைதான் உபயோகிக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்கள். கிடையாது. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம், பழைய பிளாஸ்டிக்கை ரகம் பிரிப்பதற்காகக் கொண்டுவந்த எண் அது. 1 என்றால் பெட். அது பேசுவது நம்மிடமில்லை, காயலான் கடைக்காரரிடம்! பார்கோடில் 890 என்று ஆரம்பித்தால் இந்தியத் தயாரிப்பு என்பதும் அரைகுறை. அந்த எண்ணை இந்திய அமைப்பிடம் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். அது கம்ப்யூட்டருக்கு.

நம்மிடம் பேசுகிற எண் வேறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டு 14 இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சிறு வியாபாரப் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம்... தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எந்த வருஷம் வாங்கியது என்பது.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு முத்திரையும் சேர்ந்தது. 2001 மார்ச் 29 முதல் அடைத்து விற்கிற குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம். மேலே 14543 என்ற தர எண், கீழே அந்தத் தொழிற்சாலையின் லைசென்ஸ் எண். முத்திரை வந்துவிட்டால் போதுமா? 2003 பிப்ரவரியில் டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு, பிரபல பாட்டில் தண்ணீரிலேயே பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று ஆய்வை வெளியிட்டது. நாடே அதிர்ந்து, அளவுகோலைத் திருத்தினார்கள். 2024 அக்டோபரில் அந்த ஐ.எஸ்.ஐ. கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில், 'அதிக ஆபத்துள்ள உணவு' என்ற பட்டியலில் குடிநீரைச் சேர்த்தார்கள். அப்படியென்றால் வருஷா வருஷம் வெளியார் சோதனை. கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. சோதனை தொழிற்சாலையில் நடக்கும். முத்திரையோ, இருந்தால், வாசற்படியிலேயே கண்ணில் படும்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்த ஊர் இது. இங்கே கேன் ஆடம்பரமில்லை. அந்தக் கேனை உற்றுப் பாருங்கள். அதுவும் கோலி சோடா பாட்டிலின் பேரன்தான். கம்பெனிக்குத் திரும்புகிறது, கழுவப்படுகிறது, மறுபடி நிரம்புகிறது. உடம்பில் உள்ள எழுத்து கேனின் கதை. இந்தத் தடவை ஊற்றிய தண்ணீரின் கதை பெரும்பாலும் கழுத்திலோ சீலிலோ அச்சடித்த ஒரு வரியில் இருக்கிறது. நாம் முதல் வேலையாகக் கிழித்துப் போடுவதும் அந்தச் சீலைத்தான்.

நண்பரின் அம்மா அன்றைக்கு அந்தக் கேனை வாங்கவில்லை. பையன் முணுமுணுத்துக்கொண்டே கீழே போய் வேறு கேன் தூக்கிவந்தான். அதில் தேதி பளிச்சென்று இருந்தது. அம்மா கத்தரிக்கோலால் சீலைப் பதமாக வெட்டி எடுத்து, ஃபிரிட்ஜ் மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தார்.

"கேன் தீர்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். பேரனுக்கு வயித்தால போச்சுன்னா, எந்தத் தண்ணின்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றார்.