கூட்டணுமா, பெருக்கணுமா?

போன ஞாயித்துக்கிழமை அஞ்சாங்கிளாஸ் படிக்கிற அக்கா பொண்ணுக்கு ஒரு கணக்கு சொன்னேன். குளத்துல ஒரு கம்பு நிக்குது. பாதி சேத்துக்குள்ள. மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு தண்ணிக்குள்ள. வெளிய தெரியறது ஒரு அடி. கம்போட நீளம் என்ன?

சொல்லி முடிக்கறதுக்குள்ள, "மாமா, இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?"

சிரிப்பு வரலைங்க. எஞ்சினியரிங் முடிக்கிற வரைக்கும் நானும் எந்த ஃபார்முலான்னு தேடியே ஒப்பேத்தினவன்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரம். அங்கே பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர் எல்.பி.பெனசெட். பிள்ளைகள் யோசிக்காமல் எண்களைப் பிசைவதைப் பார்த்து நொந்துபோய், 1929ல் சில வகுப்புகளில் கணக்குப் பாடத்தையே தூக்கிவிட்டார். முறையான கணக்கெல்லாம் ஆறாம் வகுப்பில்தான். அதுவரைக்கும் கடிகாரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது, நீளம், உயரம், தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவது. முக்கியமா, படிச்சதைப் பத்தி வாய்விட்டுப் பேசுவது.

பிறகு அவரே இந்தக் கம்புக் கணக்கோடு வகுப்பு வகுப்பாகப் போனார். வழக்கமாகப் படித்தவர்கள் அரையையும் மூணுல ரெண்டையும் பெருக்கலாமா, கூட்டலாமா என்று தடுமாறினார்கள். கணக்கே படிக்காத பிள்ளைகள் யோசித்துப் பேசியே ஆறு அடி என்று கண்டுபிடித்தார்கள்! ஆறாம் வகுப்புத் தேர்வுகளில் இவர்கள் முதலில் பின்தங்கியது உண்மை. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். 1935ல் பெனசெட்டே இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார்.

அதில் ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துது. இந்தச் சோதனைக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது, பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத, குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகளை. படித்த பெற்றோர் என்றால் எதிர்ப்பு கிளம்பியிருக்கும் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஜெயிச்சதால கதையா சொல்றோம். தோத்திருந்தா? கேள்வி கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைங்க தலையிலதானே விடிஞ்சிருக்கும்?

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். "கூட்டவும் வேணாம், பெருக்கவும் வேணாம், படம் போடு"ன்னேன். சேறு, தண்ணி, ஒரு தவளைகூட வரைஞ்சா :) கால் மணி நேரம் கழிச்சு, "மேல ஒரு அடின்னா தண்ணிக்குள்ள ரெண்டு... அப்போ சேத்துல மூணு... மாமா, ஆறு!"

இதுல சோதனை எலி யாரும் இல்லை. செலவு ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை. அந்தக் கால் மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.