மருந்தாளுநர் பதிவு (இந்தியா)

மருத்துவர் சீட்டின்படி மருந்து கலந்து கொடுக்கவும் வழங்கவும் உரிமை தரும் மாநில அளவிலான பதிவு. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி அந்தந்த மாநில மருந்தியல் கவுன்சில் இதற்கான பதிவேட்டைப் பேணுகிறது. 18 வயது நிறைந்து, அம்மாநிலத்தில் வசிப்பவரோ தொழில் செய்பவரோ விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சத் தகுதி டி.ஃபார்ம் எனும் மருந்தியல் பட்டயம்: இரண்டாண்டுப் படிப்பும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும். பட்டயப் படிப்பு முடிப்போருக்குத் தகுதித் தேர்வு ஒன்றை 2022 விதிமுறைகள் சேர்த்தன.

கட்டணம் கட்டிப் புதுப்பிக்காதவர் பெயர் நீக்கப்படும். புதுப்பிக்க, ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகள் வேண்டும் என்கின்றன 2015 விதிமுறைகள். புது மருந்துகள் பெருகும் காலத்துக்கு இது மிகக் குறைவு. பதிவுச் சான்றிதழை மருந்துக்கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, உரியவர் கடைப்பக்கமே வராத வழக்கம் நோயாளியின் உயிரோடு விளையாடுவது. சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு உரியவர் கடையில் இருக்கிறாரா என்று மருந்து வாங்குவோர் தயங்காமல் கேட்க வேண்டும்.